மாரிசெல்வியின் சிபாரிசுகள்

தனக்குப் பிடித்த காமிக்ஸை யாரையாவது படிக்கச் சொல்லும்போது மட்டும் மாரிசெல்வியின் குரல் கேட்காது. சொல்ல வந்தது அவள் தலைக்கு மேல் ஒரு வெள்ளை பலூனாக வந்து நிற்கும். காமிக்ஸ் படிக்கிறவர்களுக்கு அந்த வடிவம் தெரியும்: முட்டை வட்டம், ஓரத்தில் கறுப்புக் கோடு, கீழே பேசுகிறவரின் வாயை நோக்கி ஒரு வால், உள்ளே எழுத்து. வேறு எதைப் பேசினாலும் அவள் குரல் எல்லோர் குரலையும் போலக் கேட்டது. கொஞ்சம் உரக்கவே கேட்டது. முதன்முதலாக இது நடந்தது 2019 ஜூலையில், சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஒரு செல்போன் தொழிற்சாலையில் அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில். எதிரே உட்கார்ந்திருந்த கலைமதியிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ‘உப்புத் துறைமுகம் படிச்சிருக்கியா? கப்பலே வராத துறைமுகத்துல ஒருத்தன் டிக்கெட் கிழிச்சிட்டு உக்காந்திருப்பான். நீ அழுவ’ என்று மேலே எழுதியிருந்தது. கலைமதி அண்ணாந்து படித்தாள். புத்தகம் கையில் இருக்கிறதா என்று கேட்டாள். மற்ற மேசைகளில் அன்று சாம்பார் தீர்ந்துபோனதைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது.

பலூன்களின் குணம் சில மாதங்களில் எல்லோருக்கும் பிடிபட்டது. எங்கே தோன்றியதோ அங்கேயே நிற்கும். பஸ்ஸில் தோன்றியது அந்த இருக்கைக்கு மேல் பஸ்ஸோடு போகும். கையை விட்டால் கை மறுபக்கம் வரும். விரலில் அச்சு மை வாசனை ஒட்டும். மழை அதை நனைக்காது. யாருக்குச் சொல்லப்பட்டதோ அவர் அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கும் நேரத்தில், அவர் எங்கே இருந்தாலும், பலூன் ‘டப்’ என்று சிறிய சத்தத்தோடு வெடித்துப் போய்விடும். வேறு யார் படித்தாலும் வெடிக்காது. பாதி படித்தாலும் வெடிக்காது. படித்ததாகப் பொய் சொன்னாலும் வெடிக்காது. இந்தக் கடைசிக் குணம்தான் பலருக்குச் சங்கடமாக இருந்தது.

அவள் சிவகாசிப் பக்கம். அப்பா ஆறுமுகநயினார் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். வீணான தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். பெரும்பாலும் கறுப்பு மை மட்டும் அச்சாகாமல் விட்டுப்போன தாள்கள். நிறங்கள் பதிந்திருக்கும், குதிரை, பாலைவனம், துப்பாக்கி எல்லாம் இருக்கும், பலூன்கள் காலியாக இருக்கும். மாரிசெல்வி பென்சிலால் அவற்றை நிரப்புவாள். ஒன்பது வயது வரை அவள் படித்த கதைகளில் பாதி அவளே பேசியவை. பிறகு பஸ் ஸ்டாண்ட் கடையில் அதே கதையை முழுப் புத்தகமாகப் பார்த்தபோது, அதில் வருகிறவர்கள் தப்பாகப் பேசுவதாக அவளுக்குப் பட்டது. இருந்தாலும் வாங்கினாள். பி.காம். முடித்து வேலைக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியில் நூற்று அறுபது புத்தகங்கள் வந்தன. சாணித்தாளில் அச்சான பழைய பாக்கெட் சைஸ் புத்தகங்கள், தீபாவளி மலர்கள், பிற்காலத்துப் பெரிய கிராஃபிக் நாவல்கள். ஆளைப் பார்த்துத்தான் பெட்டியிலிருந்து எடுப்பாள். வாராவாரம் போனில் அம்மாவோடு சண்டை போட்ட ஒருத்திக்கு, ஒரு வார்த்தைகூட இல்லாத ‘கிணற்றடி’யைக் கொடுத்தாள். அந்தப் பெண் மூன்று நாளில் முடித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து இருபது நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். அம்மாவும் வைக்கவில்லை. அதன் பிறகு அவர்களுக்குள் சண்டை இல்லை.

லைன் சூப்பர்வைசர் புருஷோத்தமன் பென்னலூர்க்காரர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு வேலைக்கு வந்தவர்களில் ஒருவர். எப்போதும் சத்தம் போடுவார். அவர் உணவுக்கூடத்தின் நான்காவது மேசையில் உட்கார்ந்திருந்தபோது மாரிசெல்வி அவருக்கு ஒன்று சொன்னாள். ‘சார், செம்மண் ஷெரீப் படிங்க. பயந்தவன் தைரியசாலியா நடிச்சு நடிச்சு கடைசில என்ன ஆவான்னு வரும். உங்களுக்குப் பிடிக்கும்’ என்றிருந்தது. அவர் புத்தகத்தை வாங்கி லாக்கரில் வைத்துவிட்டார். பலூன் இரண்டரை மாதம் நின்றது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் முந்நூறு பேர் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். ஒருநாள் அவர் தானாகவே மாரிசெல்வியின் மேசைக்கு வந்து, “படிச்சிட்டேன்மா. சூப்பரா கீது. கடைசில அட்ச்சி தூக்கிட்டான்” என்றார். பக்கத்தில் இருந்த கலைமதி, “அதுல அவன் கடைசி வரைக்கும் ஒருத்தரையும் அடிக்கவே மாட்டான் சார்” என்றாள். எல்லோரும் மேலே பார்த்தார்கள். பலூன் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் புருஷோத்தமன் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். இரண்டாம் நாள் காலை பதினொன்றே முக்காலுக்கு நான்காவது மேசைக்கு மேல் ‘டப்’ என்றது. திரும்பி வந்தவர் அடுத்த புத்தகம் கேட்டார். சத்தம் போடுவது குறைந்ததா என்பது பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை ஒட்டியது: லைனில் பலூன் கூடாது, உணவுக்கூடத்திலும் பஸ்ஸிலும் ஆட்சேபம் இல்லை.

2021-இல் அவளுக்கும் அவள் அத்தை மகன் பேச்சிராஜுக்கும் கல்யாணம் நடந்தது. அவன் பி.எஸ்ஸி. இயற்பியல்; ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. சுங்குவார்சத்திரத்தில் கோதண்டம் என்பவரின் வரிசை வீடுகளில் ஒன்றை எடுத்தார்கள். ஒரே அறை, பின்னால் சமையல் இடம், மேலே சிமெண்ட் ஷீட். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் வாராவாரம் மாறும். அவளுக்கு முதல் ஷிஃப்ட் வரும் வாரம் அவனுக்கு மூன்றாவது வரும். அப்படிப்பட்ட வாரங்களில் அவன் காலையில் வரும்போது அவள் போயிருப்பாள். அவள் சாயங்காலம் வரும்போது அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுவான். இரண்டு மணி நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் அவள் பெட்டியைத் திறந்து அவனுக்கு ஒரு புத்தகம் எடுப்பாள். அவன் வாங்கித் தலையணைக்கு அடியில் வைப்பான். தூங்கிவிடுவான். ஓ.டி. இருந்தால் எடுக்கவே மாட்டான். இரண்டு நாள் கழித்துக் கேட்டால், படித்துவிட்டேன், நன்றாக இருந்தது என்பான். அவள் ஷீட்டுக்குக் கீழே நிற்கும் பலூனைப் பார்ப்பாள். முதல் முறை விழுந்து விழுந்து சிரித்தாள். “கெடக்கட்டும் அத்தான். என்னைக்காவது படிப்பீங்க. எங்க போயிரப் போகுது?” என்றாள். அது குரலில் சொன்னது. எழுத்தாக எங்கும் இல்லை. மூன்று வருடத்தில் அந்த அறையில் இருபத்து மூன்று பலூன்கள் சேர்ந்தன. எல்லாம் அவனுக்குச் சொன்னவை. ஊரிலிருந்து வந்த மாமியார் முதலில் கொசுவலை என்று நினைத்தாள்.

2024 ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனி பஸ்ஸில் போகும்போது தலை வலிக்கிறது என்று சொல்லிக் கலைமதியின் தோளில் மாரிசெல்வி சாய்ந்தாள். பஸ்ஸை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் என்றார்கள். வயது இருபத்தேழு. ஊரில் காரியம் முடிந்து பதினேழாம் நாள் பேச்சிராஜ் வேலைக்குத் திரும்பினான். அவளுடைய புகைப்படங்கள் இருந்தன. குரல் எதிலும் பதிவாகியிருக்கவில்லை. இரண்டு பேர் வேலை செய்த இடத்திலும் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், வீட்டில் அவர்களுக்கு அந்த எண்ணம் வந்ததில்லை. மிஞ்சியது ஷீட்டுக்குக் கீழே நின்ற இருபத்து மூன்று பலூன்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து பாயை விரித்து மல்லாந்து படுத்து அவற்றை ஒவ்வொன்றாகப் படிப்பான். ‘அத்தான், இது சின்னப் புத்தகம். குளிக்கத் தண்ணி பிடிக்கிற நேரத்துல முடிச்சிரலாம்.’ ‘இதுல வர்ற கலங்கரை விளக்கக்காரன் உங்கள மாதிரியே தூங்குவான்.’ ‘ஏழாவது மாடித் தபால்காரன். லிஃப்ட் இல்லாத காலத்துக் கதை. மூச்சு வாங்கும், பாத்துப் படிங்க.’ புத்தகங்களைத் தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று தெரியும். பெட்டியின் மேல் கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்தான்.

அவன் மட்டும் என்றில்லை. அவள் இறந்தபோது வெளியிலும் பதினான்கு பலூன்கள் நின்றுகொண்டிருந்தன. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒன்று, வல்லக்கோட்டை முருகன் கோயிலில் தரிசன வரிசை திரும்பும் இடத்தில் ஒன்று, உணவுக்கூடத்தில் ஐந்து, மற்றவை பெரும்பாலும் பஸ்களில். புத்தகம் வைத்திருந்தவர்கள் யாரும் யாரோடும் பேசி முடிவு செய்யவில்லை. ஆளாளுக்குக் கடைசிப் பக்கங்களுக்கு முன்னால் நிறுத்தி, கடைசி இரண்டு தாள்களைச் சேர்த்துத் துணி கிளிப் மாட்டிவிட்டார்கள். அந்த வருடக் கடைசியில் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரை கிளிப் மாட்டிய காமிக்ஸ்களை விடுதி அலமாரிகளில் பார்க்கலாம். கோதண்டத்தின் மனைவி செங்கமலம்கூட ஒன்று வைத்திருந்தாள். அவளுக்குச் சொன்ன பலூன் துணி துவைக்கும் கல்லுக்கு மேல் நின்றது. புருஷோத்தமனின் ஐந்தாவது புத்தகத்தில் சிவப்புக் கிளிப். இப்படி வைத்திருப்பது மரியாதை என்று எல்லோரும் நினைத்தார்கள். பதினான்கு கதைகளின் முடிவு யாருக்கும் தெரியாமல் நின்றது.

2025 மார்ச்சில் கோதண்டம் தன் வரிசை வீடுகளைப் பெண்கள் விடுதி நடத்தும் ஒரு காண்டிராக்டருக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார். ஷீட்டை எடுத்துவிட்டு மேலே இரண்டு மாடி ஏற்றுவதாகத் திட்டம். மற்ற அறைக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். பேச்சிராஜ் காலி செய்யவில்லை. கோதண்டம் ஒரு மத்தியானம் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். துடைப்பக் கட்டையால் பலூனைத் தள்ளிப் பார்த்ததாகவும் நகரவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். “இத பாரு தம்பி, நான் உன்னைத் தொரத்தல. மேல கூரைய எடுக்கணும். எடுத்தா இதெல்லாம் இன்னா ஆவும்னு எனுக்கே தெரியல. ஏப்ரல் முப்பதுக்குள்ள நீயே ஒரு வழி பண்ணிக்கினு வூட்ட குட்த்துடு” என்றார். அவருக்குப் பின்னால் நின்ற செங்கமலம் ஒரு டம்ளர் மோரை உள்ளே நகர்த்தி வைத்தாள்.

அவன் பலூன்களைக் கொண்டுபோகப் பார்த்தான். போர்வையால் போர்த்தி இழுத்தான்; போர்வை மட்டும் வந்தது. செல்போனில் படம் எடுத்தான். படத்தில் வெறும் ஷீட்தான் வந்தது, பலூன் வரவில்லை. ஒரு நோட்டில் இருபத்து மூன்றையும் எழுதி எடுத்தான். அது அவன் கையெழுத்தாக இருந்தது. நோட்டை மூடி வைத்தான். ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை கலைமதி வந்தாள். அவளும் தெற்கத்திப் பெண்தான், சங்கரன்கோவில் பக்கம். பெட்டியின் மேல் சிலிண்டர் இருப்பதைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். ஒவ்வொன்றாக வாசித்தாள், அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இடிக்கும்போது இவை தப்பினாலும் தப்பும் என்று அவன் சொன்னான். யார் கண்டது என்றான். விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்ப்பதாகச் சொன்னான்.

“மாட்டி வைக்கவா அவ இதெல்லாம் உங்களுக்குக் குடுத்தா?” என்றாள் கலைமதி. “படிக்கத்தான அண்ணே குடுத்தா. உயிரோட இருக்கையிலயும் ஏமாத்துனீங்க, இப்பவும் ஏமாத்தப் போறீங்களா?”

அவன் கோபப்படவில்லை. அவள் போன பிறகு சிலிண்டரை இறக்கினான். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, குளிக்கத் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் முடிக்கலாம் என்று அவள் சொன்ன புத்தகத்தை எடுத்தான். இருபத்தெட்டுப் பக்கம். குடம் உண்மையிலேயே நிரம்பும் நேரத்தில் முடிந்தது. ‘டப்’ என்றது. ஷீட்டில் ஒரு ஆணி தெரிந்தது. மூன்று வருடமாக அந்த இடத்தில் ஆணி இருப்பது அவனுக்குத் தெரியாது.

அந்த ஏப்ரல் முழுவதும் அவன் ஓ.டி. பார்க்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வருவான், கதவைத் திறந்து வைத்து வாசல் வெளிச்சத்தில் உட்காருவான், படிப்பான். கலங்கரை விளக்கக்காரன் உண்மையில் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அலையை எண்ணுகிறவன். அவள் இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். தபால்காரன் ஏழாவது மாடிக்குப் போகப் போக ஒரு கட்டத்துக்கு ஒரு படிதான் வரைந்திருந்தது; நாற்பது பக்கம் படிதான்; அவனுக்கு மூச்சு வாங்கியது. சில பழைய புத்தகங்களுக்குள் அவளுடைய அப்பா கொண்டுவந்த வீண் தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. காலி பலூன்களில் ஒன்பது வயதுப் பென்சில் எழுத்து. குதிரை மேல் இருக்கிற முகமூடிக்காரன் வில்லனைப் பார்த்து, ‘சாப்டியா? இல்லன்னா வா, எங்க வீட்ல இன்னைக்கு முட்டைக் கொழம்பு’ என்கிறான். வில்லன் அடுத்த கட்டத்தில் துப்பாக்கியை நீட்டியபடி, ‘வாரேன். கை கழுவிட்டு வாரேன்’ என்கிறான். இவை அவளுடைய குரல் இல்லை, அவளுக்கு முந்தைய ஒரு சின்னப் பெண்ணின் குரல் என்று அவனுக்குத் தோன்றியது. தெருவில் யாரோ அவளைக் கூப்பிட்டது போல ஒருமுறை நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். டீ வாங்கிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தான். அறை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயரமாகிக்கொண்டு வந்தது. இருபத்தாறாம் தேதி ஒன்றுதான் மிச்சம்.

அந்தப் பலூனில் இப்படி இருந்தது: ‘அத்தான், வாடகைப் பேய். எந்தப் பக்கத்துல சிரிச்சீங்கன்னு எனக்குச் சொல்லணும். சும்மா நல்லா இருந்துச்சுன்னு சொல்லக் கூடாது.’ அவன் படித்தான். ஒரு பேய் வாடகைக்கு வீடு தேடி அலைகிற கதை. நாற்பத்தோராம் பக்கத்தில் பேய் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கிறது, ரேஷன் கார்டிலிருந்து தன் பெயரை நீக்க. இறப்புச் சான்றிதழ் எங்கே என்கிறார் கிளார்க். நானே நேரில் வந்திருக்கிறேன், போதாதா என்கிறது பேய். உயிரோடு இருப்பவர்கள்தான் நேரில் வரவேண்டும், நீங்கள் யாரையாவது அனுப்புங்கள் என்கிறார் கிளார்க். பேச்சிராஜ் ஜனவரியில் அதே மாதிரி ஒரு வரிசையில், அதே மாதிரி ஒரு விண்ணப்பத்தோடு நின்றிருந்தான். அன்று முன்னால் பதினாறு பேர். பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். வாய்விட்டு, வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வரும் வரை. அடுத்த வீட்டில் செங்கமலம் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். பிறகு கடைசிப் பக்கம் வரை படித்தான். பலூன் வெடிக்கவில்லை. இரண்டாம் முறை படித்தான். மூன்றாம் முறை அச்சக முகவரி வரைக்கும் படித்தான். நின்றது.

முப்பதாம் தேதி காலை மேஸ்திரி நான்கு ஆட்களோடு கடப்பாரை எடுத்துக்கொண்டு வந்தார். கோதண்டமும் செங்கமலமும் வந்தார்கள். கலைமதி இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் வந்திருந்தாள். புருஷோத்தமன் பைக்கில் வந்து, இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்ததாகச் சொன்னார். பெட்டியும் பாயும் வெளியே இருந்தன. வெறும் அறையில் பலூன் மட்டும் நின்றது. பேச்சிராஜ் அதன் கீழே நின்றான். அவள் சொல்லச் சொன்னதை அவன் இன்னும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யாரிடம் சொல்வது என்பதும் கூடவே உறைத்தது. ஆட்கள் காத்திருந்தார்கள். அவன் வாயைத் திறந்தான். எல்லோரும் காதைக் கொடுத்தார்கள். சத்தம் வரவில்லை. அவன் தலைக்கு மேல் ஒரு புது பலூன் வந்து நின்றது: ‘செல்வி, வாடகைப் பேய், நாப்பத்தோராம் பக்கம். பேய் தாலுகா ஆபீஸ்ல நிக்கிற எடம். நீயும் இன்னொரு தடவ படிச்சுப் பாரு. நெஜமா சிரிச்சேன். மத்த இருபத்திரண்டும் படிச்சிட்டேன். பொய் இல்ல.’

அவளுடைய பலூன் ‘டப்’ என்று வெடித்தது. மேஸ்திரி அண்ணாந்து பார்த்து, இந்தப் புதுசு எப்போது போகும் என்று கேட்டார். யாருக்குச் சொன்னதோ அவர் படித்து முடித்தால் போகும் என்றாள் கலைமதி. யாருக்குச் சொன்னது என்று மேஸ்திரி கேட்டார். அவள் சொன்னாள். அவர், அப்படியென்றால் அதை வைத்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டியதுதான் என்று ஆட்களிடம் சொன்னார். அன்று மதியம் செங்கமலம் தன் புத்தகத்திலிருந்து கிளிப்பைக் கழற்றித் துணிக்கொடியில் மாட்டினாள். ஒரு மாதத்தில் வெளியில் நின்ற பதினான்கும் ஒவ்வொன்றாகப் போயின. வல்லக்கோட்டையில் நின்றது ஒரு கிருத்திகை அன்று, வரிசையில் எண்ணூறு பேர் நிற்கும்போது போனது. புருஷோத்தமனின் கதையில் கடைசியில் யாரும் சாகவில்லை. அதற்காகவா ஆறு மாதம் பயந்தேன் என்று அவர் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

ஷீட்டை எடுத்தபோதும் பலூன் அசையவில்லை. வெயிலில் பதினெட்டு நாள் திறந்தவெளியில் நின்றது. பிறகு அதற்கு மேல் தளம் போட்டார்கள். பேச்சிராஜ் பென்னலூரில் அறை எடுத்துப் பெட்டியோடு போனான். புத்தகம் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறான். எதைப் படிக்கலாம் என்று கேட்டால் குரலில்தான் பதில் சொல்கிறான். பலூன் அந்த ஒருமுறைதான். ஆவணியில் விடுதி திறந்தது. அந்த இடம் இப்போது தரைத்தளம் ஏழாம் எண் அறை. நான்கு பெண்கள் தங்கியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வார்டன் தண்ணீர் வரும் நேரம், கேட் மூடும் நேரம், பலூன் என்ற வரிசையில் சொல்லித் தருகிறாள். ‘வாடகைப் பேய்’ விடுதியில் மூன்று பிரதிகள் இருக்கின்றன. மூன்றிலும் நாற்பத்தோராம் பக்கம் அழுக்காக இருக்கிறது. மின்விசிறி சுற்றும்போது எழுத்து கலங்குகிறது என்று பெண்கள் சொன்னதால் எலெக்ட்ரீஷியன் கொக்கியை ஒன்றரை அடி தள்ளி அடித்துக் கொடுத்திருக்கிறார். காற்று நான்கு கட்டிலுக்கும் வருகிறது.